ஒரே ஊர், நான்கு பள்ளிகள்: எதை வைத்து ஒப்பிடுவது?

நம் சங்கத்து மாதக் கூட்டங்களில், நிகழ்ச்சி முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் ஒன்று சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே பேரன் பேத்தி படிக்கும் பள்ளிக்கு வந்துவிடும். "உங்க பேத்தி ஸ்கூலுக்கு ரேட்டிங் எத்தனை?" என்பது இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி. பத்துக்கு ஒன்பது என்றால் கேட்பவர் முகம் மலரும். ஐந்து என்றால் ஒரு நிமிட மௌனம், பிறகு, "வீடு மாத்தறதுதானே?" என்று யோசனை வரும்.

2023ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் எடிசன் என்ற ஊரில் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தோம். பேத்தி ஐந்தாம் வகுப்பை முடித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாற வேண்டும். மாதம் 600 டாலர் கூடுதல் வாடகை கொடுத்து ஊரின் மறுபக்கம் குடிபோவதா என்று மகளும் மாப்பிள்ளையும் இரவு பகலாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். "மாமா, நீங்க ரயில்வேயில எவ்வளவோ கணக்குப் பாத்தவர். இதையும் கொஞ்சம் பாருங்க" என்றார் மாப்பிள்ளை. தண்டவாளப் பராமரிப்பில் 37 வருஷம் ஓட்டிய டிப்ளமாக்காரனுக்குக் கல்வித் துறை தெரியாது. அளவைப் படிக்கத் தெரியும். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை, நம் உறுப்பினர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பள்ளி மாவட்டம் என்பது என்ன?

அங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது நம் கலெக்டர் ஆளும் மாவட்டம் போன்றதல்ல. பெரும்பாலும் ஒரு நகராட்சி அளவுள்ள எல்லைதான். அமெரிக்கா முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உண்டு; நியூ ஜெர்ஸியில் மட்டும் சுமார் 600. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழு ஒன்று மாவட்டத்தை நடத்துகிறது. பணத்தில் பெரும்பங்கு அந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஆகவே அங்கே அரசுப் பள்ளி இலவசம் என்றாலும், வீட்டு விலையிலும் வாடகையிலும் அதன் செலவு மறைந்திருக்கிறது.

எடிசன் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாமஸ் ஆல்வா எடிசன் 1876இல் ஆய்வுக்கூடம் அமைத்த மென்லோ பார்க் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. 1880இல் அவர் ஒரு மின்சார ரயிலையும் சோதனைக்காக அங்கே ஓட்டிப் பார்த்தார். ராரிட்டன் என்றிருந்த ஊர்ப்பெயர் 1954இல் எடிசன் என்று மாறியது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம். அதில் இந்தியர் மிக அதிகம். நியூயார்க் போகும் மின்சார ரயில் ஊர் வழியாகவே போகிறது. நம் டோம்பிவிலியிலிருந்து காலையில் வி.டி.க்கு ரயில் ஏறுவதுபோல அங்கேயும் மக்கள் ஏறுகிறார்கள். எனக்கு ஊர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஒரே மாவட்டத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளிகள் நான்கு: ஜான் ஆடம்ஸ், உட்ரோ வில்சன், ஹெர்பர்ட் ஹூவர், தாமஸ் ஜெபர்சன். நான்கும் அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்கள். ஹூவர் நம் ஜாதி, அதாவது என்ஜினீயர். முதல் இரண்டில் படிப்பவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு ஜே.பி.ஸ்டீவன்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கும், மற்ற இரண்டில் படிப்பவர்கள் எடிசன் உயர்நிலைப் பள்ளிக்கும் போகிறார்கள். எந்த வீதிக்கு எந்தப் பள்ளி என்று வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள். நமக்குப் பிடித்த பள்ளியில் அப்ளிகேஷன் போட்டு இடம் வாங்குகிற கதை அங்கே இல்லை. பள்ளியை மாற்ற வேண்டுமானால் வீட்டை மாற்ற வேண்டும். ஸ்டீவன்ஸ் பக்கமான வடபகுதியில் வீட்டு விலையும் வாடகையும் கூடுதலாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆறாம் வகுப்பு ஏன் பெரிய மாற்றம்?

ஐந்தாம் வகுப்பு வரை ஒரே அறை, பெரும்பாலும் ஒரே ஆசிரியை. ஆறாம் வகுப்பில் நிலைமை தலைகீழ். ஆசிரியர் தம் அறையில் இருப்பார். மணி அடித்ததும் பிள்ளைகள்தான் அறை அறையாக ஓட வேண்டும். ஒவ்வொருவருக்கும் எண் பூட்டுப் போட்ட ஒரு அலமாரி. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்பதால் பிள்ளையை முழுதாக அறிந்தவர் என்று ஒருவர் இல்லாமல் போகலாம். அந்தக் குறையைப் போக்கத்தான் 'கவுன்சிலர்' என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். பதினொரு வயதில் இது சின்ன விஷயமல்ல. பள்ளியை எடைபோடும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

முதல் அளவு: தேர்ச்சி சதவீதம்

2015ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு வைக்க வேண்டும். பள்ளிவாரியாக முடிவை வெளியிடவும் வேண்டும். நான் பார்த்த நியூ ஜெர்ஸி அறிக்கைகளில் மதிப்பெண் 650 முதல் 850 வரை. 750 எடுத்தால் தேர்ச்சி நிலை. எத்தனை சதவீதம் பேர் 750ஐத் தொட்டார்கள் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். இன்டர்நெட்டில் பத்துக்கு இத்தனை என்று வரும் எண் பல அளவுகளைக் கலந்து ஒன்றாக்கியது. எது எவ்வளவு கலந்தது என்று பார்ப்பவர்கள் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சதவீதம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்குப் போட்டு மாப்பிள்ளைக்குக் காட்டினேன். இரண்டு பள்ளிகள், ஒவ்வொன்றிலும் 200 பிள்ளைகள். வசதியான வீட்டுப் பிள்ளைகள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் என இரு பிரிவு.

'அ' பள்ளி: வசதியானவர் 160 பேரில் 128 பேர் தேர்ச்சி, அதாவது 80 சதவீதம். வசதி குறைந்தவர் 40 பேரில் 16 பேர் தேர்ச்சி, அதாவது 40 சதவீதம். மொத்தம் 200க்கு 144. அதாவது 72 சதவீதம்.

'ஆ' பள்ளி: வசதியானவர் 80 பேரில் 68 பேர் தேர்ச்சி, அதாவது 85 சதவீதம். வசதி குறைந்தவர் 120 பேரில் 60 பேர் தேர்ச்சி, அதாவது 50 சதவீதம். மொத்தம் 200க்கு 128. அதாவது 64 சதவீதம்.

மொத்தத்தைப் பார்த்தால் 'அ' எட்டு சதவீதம் முன்னே நிற்கிறது. பிரித்துப் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் 'ஆ' பள்ளிதான் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது! நம் பிள்ளை எந்தப் பிரிவில் இருந்தாலும் 'ஆ'வில் அவளுக்கு லாபம். ஆனால் ஜனங்கள் கூடுதல் வாடகை கொடுத்துப் போவது 'அ'வுக்கு.

இது வெறும் வித்தைக் கணக்கல்ல. பள்ளி அறிக்கையில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறுவோர், ஆங்கிலம் புதிதாகக் கற்போர், சிறப்புக் கல்வி தேவைப்படுவோர் எனத் தனித்தனியாக முடிவு தந்திருப்பார்கள். மொத்த எண்ணை விட்டுவிட்டு, நம் பிள்ளை போன்றவர்களின் வரிசையைத் தேடிப் படிக்க வேண்டும்.

இரண்டாவது அளவு: வளர்ச்சி

எங்கள் ரயில்வேயில் கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரை போர் காட் ஏற்றம் 37க்கு 1. அதாவது 37 அடி போனால் ஒரு அடி ஏற்றம். பின்னாலும் என்ஜின் பூட்டித் தள்ளித்தான் வண்டியை ஏற்றுவார்கள். அங்கே மெதுவாக ஏறுகிற என்ஜினையும், சமவெளியில் பறக்கிற என்ஜினையும் வேகத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எந்த லோகோ ஃபோர்மேனும் சிரிப்பார். சுமை எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு என்று முதலில் கேட்பார்.

பள்ளிக்கும் அதே கேள்விதான். அதற்கு விடை சொல்லும் எண் நியூ ஜெர்ஸி அறிக்கையில் இருக்கிறது. ஒரு பிள்ளையை, முந்தைய ஆண்டுகளில் அவளைப் போலவே மதிப்பெண் எடுத்த மாநிலத்துப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிடுவார்கள். அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை இந்த ஆண்டு அவள் முந்தினாள் என்பதே அவளுடைய வளர்ச்சி எண். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய எண்ணையும் வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பதைப் பள்ளியின் எண்ணாகத் தருகிறார்கள். 40க்கும் 60க்கும் இடையில் இருந்தால் மாநிலத்தின் சாதாரண நடை. அதற்கு மேலே இருந்தால் பள்ளி பிள்ளையைத் தள்ளி ஏற்றுகிறது என்று பொருள்.

தேர்ச்சி சதவீதம், பள்ளிக்குள் யார் வருகிறார்கள் என்பதைத்தான் பெரிதும் சொல்கிறது. வந்தவர்களைப் பள்ளி என்ன செய்தது என்பதை வளர்ச்சி எண் ஓரளவு சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆண்டை வைத்தும் முடிவு கட்டக் கூடாது. மூன்று ஆண்டு அறிக்கைகளையாவது பார்க்க வேண்டும். 2020இல் கோவிட் காரணமாகத் தேர்வு நடக்கவில்லை என்பதால் அதை ஒட்டிய ஆண்டுகளின் ஒப்பீட்டில் இடைவெளி இருக்கும்.

எட்டாம் வகுப்புக் கணக்கில் ஒரு பொறி

நம்மவர்கள் கணக்கு மதிப்பெண்ணை முதலில் பார்ப்பார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. கணக்கில் முந்தியிருக்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா பாடம் எடுக்கிறார்கள். அவர்கள் எழுதுவது அல்ஜீப்ரா தேர்வு; எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வை எழுதுவதில்லை. ஆகவே 'எட்டாம் வகுப்புக் கணக்கு' என்ற வரியில் கெட்டிக்காரர்கள் இல்லாத மீதிப் பேருடைய முடிவுதான் இருக்கும்.

உதாரணமாக ஒரு பள்ளியில் 200 பேரில் 100 பேர் அல்ஜீப்ரா எழுதி எல்லோரும் தேறினார்கள். மீதி 100 பேரில் 40 பேர் தேறினார்கள். வேறொரு பள்ளியில் 40 பேர் மட்டும் அல்ஜீப்ரா எழுதித் தேறினார்கள். மீதி 160 பேரில் 80 பேர் தேறினார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு வரியில் முதல் பள்ளிக்கு 40 சதவீதம், இரண்டாவதற்கு 50. உண்மையில் மொத்தமாக முதல் பள்ளியில் 140 பேரும் இரண்டாவதில் 120 பேரும் தேறியிருக்கிறார்கள். இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்காதவர் முதல் பள்ளியைத் தாழ்வென்று சொல்லிவிடுவார். பிறகு, அந்த முந்திய கணக்கு வகுப்புக்குப் பிள்ளைகளை எப்போது, எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று பள்ளியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பில் கேட்காமல் விட்டு எட்டாம் வகுப்பில் கேட்டால் பயனில்லை.

ஒரே மாவட்டத்துக்குள் மாறுவது எது?

மாப்பிள்ளைக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். நான்கு பள்ளிகளுக்கும் கல்விக் குழு ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, ஆசிரியர் சம்பள விகிதம் ஒன்று, ஆண்டுக்கு 180 நாள் வகுப்பு. பக்கத்து ஊரோடு ஒப்பிடும்போது இவையெல்லாம் மாறும். ஒரே ஊருக்குள் மாறுவது குறைவு: பிள்ளைகளின் வீட்டுச் சூழல், தலைமையாசிரியர், ஆசிரியர்கள் நிலைத்திருப்பது, கட்டட நெரிசல், வீட்டிலிருந்து தூரம். இவற்றில் முதலாவதுதான் மதிப்பெண்ணில் பெரிதாகத் தெரிகிறது. மற்ற நான்கும் எந்த ரேட்டிங்கிலும் சரியாகத் தெரிவதில்லை.

அவற்றை அறிய நேரில் போக வேண்டும். போனில் நேரம் கேட்டால் சுற்றிக் காட்டுவார்கள். மகள் இரண்டு பள்ளிகளுக்குப் போய்வந்தாள். நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை: கணக்கு, அறிவியல் ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுக்கு மேல் இங்கேயே இருக்கிறார்கள்? ஒரு கவுன்சிலருக்கு எத்தனை பிள்ளைகள்? வாத்திய இசைக் குழுவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இடமுண்டா? மதியம் சாப்பிட எவ்வளவு நேரம்? ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் அதை யார் கவனிப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு எந்தப் பள்ளியில் உடனே பதில் வந்ததோ, அந்தப் பள்ளியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டாயிற்று.

இன்னும் சில விவரங்கள். நியூ ஜெர்ஸியில் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருந்தால்தான் பஸ் தருவது கட்டாயம். அதற்குள் இருந்தால் பனியிலும் யார் கொண்டுவிடுவது என்று யோசித்துக்கொள்ள வேண்டும். சேர்க்கைக்கு வாடகை ஒப்பந்தம், மின்சார பில் போன்ற முகவரிச் சான்றும் தடுப்பூசி விவரமும் வேண்டும். ஆறாம் வகுப்புக்கென்று தனித் தடுப்பூசிகள் உண்டு. விசா எதுவானாலும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்பது 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் பயன்.

வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு வைப்பார்களே என்று சிலர் மறைக்கிறார்கள். வைத்தால் என்ன? தேறினால் அத்தோடு சரி. தேறாவிட்டால் இலவச உதவி. தாய்மொழியைப் படிவத்தில் ஒளிக்க வேண்டியதில்லை.

நம்மவர்களுக்காக ஓர் எச்சரிக்கை. பத்தில் ஒரு பங்கு நாள், அதாவது 180க்கு 18 நாள், பள்ளிக்கு வராத பிள்ளையை 'நீடித்து வராதவர்' என்று கணக்கில் சேர்ப்பார்கள். பள்ளியின் அறிக்கையில் அதுவும் ஒரு எண். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு மாதம் ஊருக்கு வரச்சொல்லி வற்புறுத்தும் தாத்தா பாட்டிகள் இதை அறிந்திருப்பது நல்லது. நானும் வற்புறுத்தியவன்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

2000க்குப் பிறகு ஒரு ஜங்ஷன் ஊரில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகன் ரயில்வே பள்ளியில் சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி, பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெரிய போர்டு வைத்திருந்தது. நான் அதை நம்பி, ஏழாம் வகுப்பில் அவனை அங்கே சேர்த்தேன். தினம் பதினான்கு கிலோமீட்டர் பஸ். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பின்தங்கினான். கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவனோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். மறுவருடமும் போர்டில் நூறு சதவீதம்! நூறு எப்படி வந்தது என்று அன்றுதான் புரிந்தது. பழைய பள்ளிக்கே திரும்பி வந்தான். இரண்டாம் வகுப்பில் தேறினான். இன்று புனேயில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் அந்த மூன்று வருஷத்தைப் பற்றி அவன் பேசுவதில்லை.

எடிசனில் அந்தக் காகிதங்களை விரித்து உட்கார்ந்தபோது என் கண்முன் இருந்தது அந்தப் போர்டுதான்.

முடிவு

மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பரப்பி, நாங்கள் நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தோம். மொத்தத் தேர்ச்சியில் பள்ளிகளுக்கிடையே இருந்த தூரம், பேத்தியைப் போன்ற பிள்ளைகளின் வரிசைக்கு வந்தபோது வெகுவாகக் குறைந்தது. வளர்ச்சி எண்ணில், வீடு மாறும்படியான வித்தியாசம் எதுவும் கண்ணில் படவில்லை. மறுபக்கம் போனால் ஆண்டுக்கு 7,200 டாலர் கூடுதல். இருக்கும் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை நடந்தே போகிறார். மாறினால் வீடு திரும்ப முக்கால் மணி தாமதமாகும். மாலையில் பேத்தியோடு கணக்குப் போட உட்காருபவர் அவர்தான். அந்த முக்கால் மணியை எந்த ரேட்டிங்கிலும் சேர்ப்பதில்லை. இருக்கும் வீட்டிலேயே இருப்பதென்று முடிவாயிற்று.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். பேத்தியின் நெருங்கிய தோழி குடும்பம் வடக்கே போய்விட்டது. முதல் இரண்டு மாதம் அலமாரிப் பூட்டைத் திறக்கத் தெரியாமல் அழுதாள். பிறகு இசைக் குழுவில் வயலின் எடுத்தாள். புதுத் தோழிகள் கிடைத்தார்கள். வடக்கே போனவர்கள் தவறு செய்தார்கள் என்பதும் என் கருத்தல்ல. அவர்களுக்கு அலுவலகம் அந்தப் பக்கம். அவர்கள் கணக்கு வேறு. எல்லைக் கோட்டைக் கல்விக் குழு மாற்றி வரையவும் கூடும் என்பதால், வரைபடத்தை மட்டும் நம்பி வீடு வாங்குபவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

இங்கே நம் ஊரில் பள்ளி தேடுவோருக்கும் இதே கணக்கு உதவும். நூறு சதவீதம் என்ற போர்டைப் பார்த்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? இரண்டு எண்ணும் ஒட்டி வந்தால் போர்டை நம்பலாம்.

ஊர் திரும்பியதும் இந்த விவரத்தையெல்லாம் மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தக் கணக்கை அப்பவே போட்டிருக்கலாமேப்பா" என்றான். போட்டிருக்கலாம்தான். எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களாவது நேரத்தில் போட்டுக்கொள்ளட்டும் என்றே எழுதினேன். அறிக்கைகளைப் படித்துப் பார்க்க உதவி வேண்டும் உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் என்னிடம் கேட்கலாம், மூக்குக்கண்ணாடியோடு வருகிறேன்.